கண்ணாத்தாள் விசாரித்த கணினி மொழி

திருமயத்தில் எந்த வீட்டில் பெண்ணுக்கு இடம் பார்த்தாலும், பூ வைப்பதற்கு முன்னால் கண்ணாத்தாளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். அவள் தரகர் இல்லை. இதற்காக யாரிடமும் ஒரு ரவிக்கைத் துணிகூட வாங்கியதில்லை. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பொய் சொல்லும்போது பிள்ளைகளின் கண் எங்கிட்டுப் போகும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியதில், பெரியவர்களின் பொய்யும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

விசாரிப்பதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. மாப்பிள்ளையின் சொந்தக்காரர்களைக் கேட்க மாட்டாள். அவர்கள் தங்கம் என்பார்கள். பங்காளிகளைக் கேட்க மாட்டாள். அவர்கள் தகரம் என்பார்கள். அவனுக்குத் துணி தேய்த்துக் கொடுப்பவர், அவனோடு ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவர், ஒரு தடவையாவது அவனோடு சண்டை போட்டவர் என்று தேடிப் பிடிப்பாள். அவர்கள் என்ன சொன்னாலும், "இது எப்ப நடந்துச்சு? நீங்க பாத்தீங்களா, யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்காமல் நகர மாட்டாள். இதற்குப் பதில் தெரியாமல் தீர்ப்பு மட்டும் சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஊரில் பாதிப் பேர் அந்த ரகம் என்பதால், பாதி ஊரோடு அவளுக்கு ஆகாது.

தம்பி நாகராசுவின் மகள் பரிமளாவுக்கு அன்னவாசல் நிலவழகனைப் பேசியபோதும் அப்படித்தான் விசாரித்தாள். பையன் புதுக்கோட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதுகிறான். அவனோடு வாய்க்கால் தகராறு செய்த பக்கத்து வயல்காரரைத் தேடிப் போனாள். அவர் அரை மணி நேரம் திட்டிவிட்டுக் கடைசியில், "ஆனா ஒண்ணும்மா, சண்டை போட்ட மறுநாளு எங்க வீட்டுக் கரண்டு பில்லை அவன்தான் செல்லுல கட்டிக் கொடுத்தான். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டேதான் கட்டினான்" என்றார். கண்ணாத்தாளுக்கு அதுவே போதுமாக இருந்தது. சிரித்துக்கொண்டே உதவுகிறவனைத்தான் இன்னொரு தடவை விசாரிக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

பையன் வந்து பார்த்துவிட்டுப் போனான். பரிமளா தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எதற்கும் இரண்டு தடவை யோசிக்கிறவள். அவளே, "சரி அத்தை" என்று ஒரே தடவையில் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பூ வைப்பதாக முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலையில் நாகராசு கையில் ஒரு பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். பின்னாலேயே பரிமளாவும் வந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற சேலையில் இருந்தாள், ஆனால் போகிற முகமாக இல்லை.

"அக்கா, வெள்ளிக்கிழமை வேணாம்."

"ஏன்டா, யாரும் செத்துட்டாங்களா?"

"மாப்பிள்ளை எழுதுற மொழி செத்துருச்சாம்."

கண்ணாத்தாள் மருமகளைப் பார்த்தாள். பரிமளா, "அப்பா பேசுறது ஒங்களுக்கு மட்டும் புரியலைன்னு நெனைக்காதீங்க அத்தை. எங்களுக்கும் அப்படித்தான் இருக்கு" என்றாள்.

நாகராசுவுக்கு பஸ் ரோட்டில் பெயிண்ட் கடை. வாடிக்கையாக வரும் ஒரு பாலிடெக்னிக் வாத்தியார் கடையில் விட்டுப்போன மாத இதழ் அது. பெயர் ‘நிரல் முரசு’. நடுப்பக்கத்தில் ‘பாடையில் ஏறிய பி.எச்.பி.’ என்று தலைப்பு. நிலவழகன் எழுதும் கணினி மொழி பி.எச்.பி. என்பது நாகராசுவுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று அவனே சொல்லியிருந்தான். வெளியிலிருந்து வரும் தகவலை யார் எவர் என்று கேட்காமல் உள்ளே விட்டுவிடுகிற மொழி, திருடனுக்குத் திறந்த வீடு, ஆமை வேகம், இதில் எழுதுகிறவர்கள் நிரலாளர்கள் அல்லர், கிழிசலுக்கு ஒட்டுப் போடுகிறவர்கள் என்றெல்லாம் போயிற்று கட்டுரை. எழுதியவர் இதழின் ஆசிரியர் குணசேகரன். மூலையில் அவர் படம், கன்னத்தில் விரல் வைத்தபடி.

நாகராசு அச்சில் வந்ததை மறுத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. அவனுக்கு அது கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டு மாதிரி. சோப்புக் கவரில் அச்சடித்திருப்பதையும் நம்புகிறவன்.

"ஒட்டுப் போடுறவன்னு போட்டிருக்கான் அக்கா. நாளைக்கி வேலை போச்சுன்னா? எம் பொண்ணு சம்பளத்துல உக்காந்து திம்பானா?"

"வேலை போகும்னு யாருப்பா சொன்னது, நீங்களா எதுக்குக் கற்பனை பண்றீங்க" என்றாள் பரிமளா. "கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியாதவரு மொழியைப் பத்திக் கவலைப்படுறாரு."

"நான் கவலைப்படலை. படிச்சவரு எழுதியிருக்காரு. அவரு வாயால ‘அது செத்ததில்லை’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், வெள்ளிக்கிழமை பூ வைப்போம். இல்லைன்னா அன்னவாசலுக்கு நான் போன் போட்டு வேணாம்னு சொல்லிருவேன்."

கண்ணாத்தாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குணசேகரன் யாரென்று அவளுக்குத் தெரியும், நேரில் பார்த்ததில்லை. போன மாதம் திருமயம் மரக்கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வரன் விசாரித்தாள். பையன் கோபிநாத், மருந்துக்கடை வைத்திருக்கிறவன். அவனுடைய அப்பாதான் இந்த விரல் வைத்த கன்னம்.

நாகராசுவுக்கும் அது தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த ஆளு மகன் காலேஜுல படிக்கிறப்ப குடிச்சுட்டு பஸ் ஸ்டாண்டுல கண்டக்டரை அடிச்சு, ஸ்டேஷன்ல ஒக்கார வச்சாங்கல்ல? அந்தச் சங்கதி ஒன் கையிலதானே இருக்கு. அதை வச்சு ஒரு மடக்கு மடக்கினா, தன்னால சொல்லுவான்" என்றான்.

"ஒனக்குப் பெயிண்டுல தண்ணி கலந்து கலந்து புத்தியும் நீர்த்துப்போச்சு. கடைக்குப் போ" என்றாள் கண்ணாத்தாள்.

மறுநாள் காலை புதுக்கோட்டை பஸ் ஏறினாள். கோட்டை பைரவர் சந்நிதி முன்னால் டிரைவர் வண்டியை நிறுத்திச் சிதறுகாய் போட்டபோது, இருந்த இடத்திலேயே கைகூப்பினாள். கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. ‘என் வாயை நீ பாத்துக்க’ என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மகன் சங்கதியைத் தம்பி சொன்ன நேரத்திலிருந்து அது நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. சொன்னால் வேலை முடியும் என்பதும் தெரிந்திருந்தது. நல்லவர்களுக்கு வரும் சோதனை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. சுலபமான வழியாக, அதுவும் நம் தரப்பில் நியாயம் இருக்கும் நேரமாகப் பார்த்து.

நிலவழகன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலிருந்த டீக்கடை வாசலில் காத்திருந்தான்.

"தம்பி, ஒங்க மொழியைப் பத்தி விசாரிக்க வந்திருக்கேன்."

"பரிமளா சொன்னாங்க. ஆனா நீங்க சொந்தக்காரங்களைக் கேக்க மாட்டீங்களாமே?"

"மாட்டேன்தான். வேற யாரைக் கேக்குறதுன்னு தெரியலை."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க ஆபீஸ்ல பிளெஸ்ஸின்னு ஒருத்தவங்க இருக்காங்க. அவங்க எழுதுறது வேற மொழி. என் மொழியைக் கண்டாலே ஆகாது. தெனம் சண்டைதான். அவங்களைக் கேளுங்க. நான் பக்கத்துல இருந்தா நல்லா இருக்காது, வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுக் கீழயே நிக்கிறேன்" என்றான்.

பகையாளி வீட்டு முகவரியைத் தானே எழுதிக் கொடுக்கும் மாப்பிள்ளையைக் கண்ணாத்தாள் இதுவரை பார்த்ததில்லை. அவள் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

பிளெஸ்ஸி அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டே கட்டுரையைப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"ஆன்ட்டி, எனக்கு அந்த மொழி பிடிக்காது. அதை முதல்லயே சொல்லிடுறேன். ஒரே மாதிரி வேலைக்கு ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு விதமாப் பேரு வச்சிருப்பாங்க. எதை முன்னாடி கொடுக்கணும், எதைப் பின்னாடி கொடுக்கணும்னு ஒரு ஒழுங்கு கெடையாது. எழுதினா எரிச்சலா வரும். இந்த ஆளு அதை எழுதியிருந்தா நானே கைதட்டியிருப்பேன்."

"அவரு எழுதினது?"

"கேக்காம உள்ளே விட்டுரும்னு போட்டிருக்காரே, அது ஒரு காலத்துல நெசம். அந்தக் கதவையே பேத்தெடுத்துப் பன்னெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. மெதுவா ஓடும்ங்கிறாரு. ஏழாம் பதிப்பு வந்தப்பவே வேகம் நல்லாக் கூடிருச்சு, இப்ப எட்டு ஓடிட்டிருக்கு. இவரு அஞ்சைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்காரு. ஒருத்தன் தொட்டில்ல மூத்திரம் போனான்னு அவன் கல்யாண மேடையில வந்து சொல்ற மாதிரி இருக்கு."

"செத்துருச்சாமே?"

"ஒலகத்துல இருக்குற வெப்சைட்ல பெரும்பாலானது அதுலதான் ஓடுது. எனக்குப் பிடிக்கலைங்கிறது வேற, செத்துருச்சுங்கிறது வேற ஆன்ட்டி. பிடிக்காதவங்க எல்லாம் செத்துப்போறதா இருந்தா, இந்தா கீழ நிக்கிறாரே ஒங்க மாப்பிள்ளை, அவருதான் முதல்ல போயிருக்கணும். நேத்து என் சார்ஜரை எடுத்துட்டுப் போயிட்டாரு."

கண்ணாத்தாள் கீழே இறங்கி வந்து, "அந்தப் பிள்ளை சார்ஜரைக் குடுத்துருங்க" என்றாள். நிலவழகன் தலையாட்டினான். அவனும் ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு மெயில் அனுப்பினானாம். ‘எமது இதழின் நெறிகளின்படி திருத்தம் வெளியிடப்படுவதில்லை’ என்று ஒரு வரியில் பதில் வந்ததாம்.

‘நிரல் முரசு’ அலுவலகம் கீழ ராஜ வீதிக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, கண்ணாடிச் சட்டம் போட்டு ‘ஆசிரியர் நெறிகள்’ என்று ஒரு பலகை. கண்ணாத்தாள் நின்று படித்தாள். தலைப்பு எத்தனை சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. பிறமொழிச் சொல் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று இருந்தது. கட்டுரையின் குரல் உறுதியாக இருக்க வேண்டும், ‘எனக்குத் தெரியவில்லை’ என்ற தொடர் இதழில் எங்கும் இடம்பெறக் கூடாது என்று இருந்தது. எழுதியது உண்மையா என்று ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது மட்டும் எங்கும் இல்லை. கோலம் போட்டுத் தோரணம் கட்டி வாசலை அலங்கரித்துவிட்டு, சாமியை மறந்துபோன கோயிலைப் போல அந்தப் பலகை மினுங்கிக்கொண்டிருந்தது.

பக்கம் வடிவமைக்கும் பெண் கணினியிலிருந்து எழுந்து வந்தாள். பெயர் திலகவதி. "படியேறி வேர்த்துட்டீங்களே" என்று தன் பக்கம் இருந்த மின்விசிறியைத் திருப்பி வைத்து, தண்ணீர் கொடுத்தாள். அன்றைக்கு அந்த அலுவலகத்தில் திருத்தப்பட்டது அந்த மின்விசிறி ஒன்றுதான்.

குணசேகரன் உள்ளறையில் இருந்தார். படத்தில் இருந்த அதே விரல் அதே கன்னத்தில்தான் இருந்தது. நேரிலும் அதை எடுப்பதில்லை போலிருக்கிறது.

"சொல்லுங்கம்மா, சந்தாவா?"

"இல்லைங்க. இந்தக் கட்டுரையைப் பத்தி ஒரு சந்தேகம். இதை எப்ப எழுதினீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. வாசகர் யாரும் இப்படி அக்கறையாகக் கேட்டதில்லை என்று தோன்றியது. அலமாரியிலிருந்து பைண்டு செய்த ஒரு பழைய தொகுப்பை எடுத்து விரித்தார். அதே தலைப்பு, அதே பாடை, அதே ஒட்டுப் போடுகிறவர்கள். பக்கம் மட்டும் மஞ்சளாக இருந்தது. படத்தில் அவருக்கு முடி கூடுதலாக இருந்தது.

"எத்தனையோ தடவை மறுபடி போட்டாச்சு. ஒரு எழுத்து மாத்தலை. மாத்த வேண்டிய அவசியம் வரலை. அதுதாம்மா எழுத்து" என்றார்.

திலகவதி வாசலில் நின்றபடி, "வருசத்தை மட்டும் மாத்துவோம் சார்" என்றாள். பிறகு கண்ணாத்தாளைப் பார்த்து, "விளம்பரம் வராத மாசம் பக்கம் காலியா நிக்கும்மா. அதுக்குன்னு கொஞ்சம் கட்டுரை எடுத்து வச்சிருக்கோம். ஊறுகாய்னு சொல்லுவோம். இது சாரோட ஊறுகாய்" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. அங்கே அதற்கு அதுதான் பெயர்.

"போன தடவை போட்டப்ப, இதெல்லாம் இன்னும் இப்படித்தான் இருக்கான்னு யாரையாச்சும் கேட்டீங்களா?" என்றாள் கண்ணாத்தாள்.

"யாரைக் கேக்கணும்?"

"அந்த மொழியில எழுதுறவங்களை. இல்லை, அதைப் பிடிக்காதவங்களையாச்சும்."

"அம்மா, கேக்குறது ரிப்போர்ட்டர் வேலை. நான் விமர்சகன். எனக்குத் தெரியும்."

"எப்பத் தெரியும்?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் கேட்டதில்லை. கண்ணாத்தாளுக்கு மனசுக்குள் ஏளனம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு ஆட்டுக்குட்டியை வாங்குவதென்றாலும் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம். இந்த மனுஷர் பத்துப் பதினைந்து வருஷமாக ஒன்றைச் சாகடித்துக்கொண்டிருக்கிறார், ஒரு தடவைகூட மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கவில்லை. அந்த விரலுக்குத்தான் கன்னத்தில் வேலை இருந்ததே.

அவள் விஷயத்தைச் சொன்னாள். தம்பி மகள், மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை. "இப்ப அந்தக் குறை இல்லைன்னு ஒரு வரி போடுங்க. இல்லைன்னா தம்பிக்குப் போன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"ஒரு கல்யாணத்துக்காகப் பத்திரிகையோட நெறியை மாத்த முடியாதும்மா. திருத்தம் போட்டா வாசகன் நம்ப மாட்டான். அச்சேறினது அச்சேறினதுதான். திலகவதி, அம்மாவுக்கு ஒரு பழைய இதழ் குடுத்தனுப்பு. பேரு என்னன்னு சொன்னீங்க?"

"கண்ணாத்தாள். திருமயம்."

விரல் கன்னத்திலிருந்து இறங்கியது.

"திருமயம் கண்ணாத்தாள்னா... மரக்கடைக்காரங்களுக்கு விசாரிக்கிறவங்களா?"

"ஆமாங்க."

குணசேகரன் எழுந்து நின்றார். தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். திலகவதியிடம் காபி என்றார், பிறகு காபி வேண்டாம், கீழே போய் ஆப்பிள் ஜூஸ் என்றார். கோபிநாத் சம்பந்தம் கண்ணாத்தாளின் ஒரு வார்த்தையில் தொங்குகிறது என்று மரக்கடைக்காரர் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு பதில் ஒன்றும் வரவில்லை.

"நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு வரி என்ன, அடுத்த இதழ் அட்டையிலேயே போட்டுருவோம். ‘மொழிகளின் அரசன் பி.எச்.பி.’ எப்படி இருக்கு? மாப்பிள்ளை போட்டோ இருந்தா குடுங்க, பேட்டி மாதிரி வச்சுக்கலாம். தம்பி நம்பர் சொல்லுங்க, இப்பவே பேசிடுறேன். அதைவிட நல்ல மொழி உலகத்துலயே இல்லைன்னு சொல்லிடுறேன்." போனைக் கையில் எடுத்துவிட்டார்.

கண்ணாத்தாள் வந்த காரியம் அந்த நேரத்தில் முடிந்துவிட்டது. நாகராசு கேட்டது இந்த ஒரு போனைத்தான். நம்பரைச் சொன்னால் வெள்ளிக்கிழமை பரிமளாவுக்குப் பூ. மகன் சங்கதியை அவள் வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. பயமே அதன் வேலையைச் செய்துகொடுத்துவிட்டது.

ஆனால் கண்ணாத்தாள் நம்பரைச் சொல்லவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பிணம், இப்போது அரசன். பாடை கட்டியபோதும் விசாரிக்கவில்லை, முடி சூட்டும்போதும் விசாரிக்கவில்லை.

"போனை வைங்க" என்றாள்.

"இல்லைம்மா, ஒரு நிமிஷம்தான்."

"வைங்கன்னு சொன்னேன். எம் மூஞ்சிக்காக அதை நல்லதுன்னு சொல்லாதீங்க. அதுல குறை இருக்காம். அதைப் பிடிக்காத ஒரு பிள்ளை எனக்கு வரிசையாச் சொல்லுச்சு. நீங்க எழுதின குறைதான் இல்லையாம். தெரிஞ்சுக்கணும்னா அந்தப் பிள்ளையைக் கேட்டு எழுதுங்க. இல்லைன்னா சும்மா இருங்க. ரெண்டுமே மரியாதைதான்."

அவர் போனை வைத்தார். "அப்ப கோபிநாத் விஷயம்..." என்று இழுத்தார்.

"அதுக்குப் போன மாசமே பதில் சொல்லியாச்சு."

"என்ன சொன்னீங்க?"

"கண்டக்டரை அடிச்சதைச் சொன்னேன். மறைச்சா அந்தப் பொண்ணுக்குத் துரோகம்ல. ஆனா பத்து வருசத்துக்கு முந்தி நடந்ததுன்னும் சேத்துச் சொன்னேன். அந்தக் கண்டக்டரையும் பாத்தேன். மறு மாசமே ஒங்க மகன் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டானாம், அவரு மக கல்யாணத்துல பந்தி பரிமாறினானாம். ஒங்களுக்குத் தெரியுமா?"

குணசேகரனுக்குத் தெரியவில்லை.

"மருந்துக்கடையில போயி ரெண்டு நாளு சும்மா நின்னேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியவரு வந்தாரு. ஒங்க மகன் ஒவ்வொரு அட்டையிலயும் பேனாவால படம் போட்டுக் குடுத்தான். காலையில போடுறதுக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா. பின்னாடி அஞ்சாறு பேரு நிக்கிறாங்க, அவன் பாட்டுக்குப் பொறுமையா வரையிறான். அதையும் சொன்னேன். அவங்களுக்குச் சம்மதம்தான். ஆவணியில நாள் பாக்கணும்னாங்க, இன்னிக்கோ நாளைக்கோ வருவாங்க."

அவர் கைகள் மேசைமேல் கிடந்தன. ஒரு விரல்கூடக் கன்னத்துக்குப் போகவில்லை. திலகவதி ஜூஸோடு வந்து நின்றாள். கண்ணாத்தாள் அந்தப் பெண்ணுக்காகப் பாதி குடித்துவிட்டு இறங்கினாள்.

அன்று சாயங்காலம் நாகராசு வீட்டில் அவள் நடந்ததைச் சொல்லி முடித்தபோது, முதலில் வெடித்தது பரிமளாதான்.

"போனைக் கையில எடுத்தவரை வைக்கச் சொன்னீங்களா? ஒரு நம்பர்தானே அத்தை. எனக்காகச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"பயந்துபோயிச் சொன்ன வார்த்தையில ஒனக்குக் கல்யாணம் பண்ணச் சொல்றியா?"

"கல்யாணம் எனக்கு. வார்த்தை யாரோட வார்த்தையா இருந்தா என்ன?" பரிமளாவின் கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளை கேட்டதிலும் நியாயம் இருந்தது.

நாகராசு, "அப்ப அவரு தப்புன்னு ஒத்துக்கலை" என்றான், தன் கட்சி ஜெயித்த குரலில்.

"ஒத்துக்கலை. முதல்ல செத்துருச்சுன்னாரு. நான் யாருன்னு தெரிஞ்சதும் ராஜான்னு அட்டையில போடுறேன்னாரு. எதை வேணும்னாலும் போடுவாருடா. இன்னிக்கு நான் ஒன் கடைப் பெயிண்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதையும் போட்டிருப்பாரு. அந்தாளு வாக்குக்குத்தான் நீ எம் மருமக பூவை நிறுத்தி வச்சிருக்க."

"அச்சுல வந்திருக்கே அக்கா."

"அச்சு என்னடா அச்சு. நான் ஒனக்கு ஒரு மாப்பிள்ளை விசாரிச்சுட்டு வந்து, ‘பையன் மோசமாம்’னு சொன்னா, நீ என்ன கேப்ப?"

"யாரு சொன்னாங்கன்னு கேப்பேன்."

"அதைக் கேளு. அந்தப் பத்திரிகையை எடு. சத்தமாப் படி. யாரைக் கேட்டாராம்னு எனக்குச் சொல்லு."

நாகராசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். அச்சுக்குரிய மரியாதையோடு, ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் விரலை வைத்துக்கொண்டு படித்தான். "‘வல்லுநர்கள் கூறுகின்றனர்’."

"எந்த ஊரு வல்லுநரு? பேரு இருக்கா?"

"இல்லை." விரல் நகர்ந்தது. "‘அனைவரும் அறிந்ததே’."

"நீ அறிஞ்சியா?"

"இல்லை. ‘எனக் கருதப்படுகிறது’."

"யாரு கருதுறா?"

விரல் கடைசி வரி வரைக்கும் போய், திரும்ப முதல் வரிக்கு வந்து, இன்னொரு தடவை இறங்கியது. கட்டுரை முழுக்க ஒரு ஆள் பெயர் இல்லை, ஒரு தெருப் பெயர் இல்லை. பக்கத்து வயல்காரர் அளவுக்குக்கூட யாரும் வந்து நின்று சாட்சி சொல்லவில்லை. நாகராசு கண்ணாடியைக் கழற்றினான். நம்பிய ஒன்று கையிலேயே உதிரும்போது மனுஷனுக்குக் கோபம் வர வேண்டும். அவனுக்குக் கூச்சம்தான் வந்தது. அதுவரை தம்பியை எள்ளிக்கொண்டிருந்த கண்ணாத்தாளுக்கு, அந்தக் கூச்சத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு பேச வாய் வரவில்லை. நம்புகிறவன் முட்டாளாக இருக்கலாம். ஆனால் குற்றம், நம்பி வந்தவனுக்கு ஊறுகாயைப் பரிமாறினவனுடையது.

"ஒருத்தரையும் கேக்கலைக்கா" என்றான் நாகராசு.

"ம்."

"நீ எத்தனை பேரைக் கேட்ட?"

"போதுமான பேரைக் கேட்டேன். அந்தப் பையனே, தன் மொழியைத் திட்டுற ஆளுகிட்ட என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு, தள்ளி நின்னுக்கிட்டான். இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் விசாரிக்க இல்லை."

நாகராசு போனை எடுத்து அன்னவாசலுக்குப் போட்டான். நிலவழகனின் அம்மா மருதாயி எடுத்தாள்.

"நாகராசு பேசுறேன் தங்கச்சி. வெள்ளிக்கிழமை சம்பந்தமா... அது வந்து... எத்தனை பேரு வாரீங்கன்னு கேக்கலாம்னு." அக்காவின் பார்வையைக் கண்டு தடுமாறினான். "நேத்து நான் ஒரு பத்திரிகையைப் படிச்சுட்டு வேணாம்னு சொல்ல இருந்தேன். அது என் தப்பு. தம்பிகிட்டயும் சொல்லிருங்க."

பரிமளா சுவரில் சாய்ந்துகொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நாகராசு, "சரிங்க, சரிங்க" என்று போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "பன்னெண்டு பேரு வர்றாங்களாம். சமையலுக்கு யாரைச் சொல்றது?" என்று கேட்டான்.

"எந்தச் சமையல்காரரு நல்லாப் பண்றாருன்னு இப்பப் போயி யாரையாச்சும் கேளுங்கப்பா" என்றாள் பரிமளா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. கண்ணாத்தாள் எழுந்து, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள்.